விழுங்காத மாத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கணிதம் படிக்கும் மாணவன். யானைக்கால் நோய் எப்படிப் பரவும், எப்போது அடங்கும் என்று கணக்கிடும் கணித மாதிரிகள் பற்றிப் படித்தேன். மூன்று மாதிரிகள் மூன்று விடை தருகின்றன. எதை நம்புவது? நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்து வீடுவீடாகக் கொடுக்கும் மாத்திரையை விழிப்புணர்வில்லாத மக்கள் சாப்பிடாதபோது கணக்கு போட்டு என்ன பயன்?

அன்புள்ள நண்பருக்கு,

மாதிரிகள் வேறுபடத்தான் செய்யும், அனுமானங்கள் வேறு. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும் இடத்தைப் பாருங்கள். கணக்கால் என்ன பயனா? கடைசிக் கொசுவரை கொல்ல வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அடங்கும் என்று நூறாண்டுக்கு முன்பே கணக்குப் போட்டவர், கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று நிறுவிய ரொனால்ட் ராஸ். அது இருக்கட்டும்.

‘விழிப்புணர்வில்லாத மக்கள்’ என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. யாரைச் சொல்கிறீர்கள்? என்னையா?

ஒருமுறை வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தார் ஒரு பெண். யானைக்கால் புழுவுக்கான டி.ஈ.சி. மூன்று, பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் ஒன்று. “சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்” என்று சட்டைப் பையில் வைத்தேன். எனக்குத்தான் நோய் இல்லையே! அவரும் பாவம், வெயிலில் அலைந்தவர், பதிவேட்டில் என் பெயருக்கு நேரே டிக் அடித்துவிட்டுப் போனார். சட்டை துவைத்தபோது பை வெள்ளையாகக் கரைந்திருந்தது. அடுத்த ஆண்டும் அதே கதைதான். நான் பட்டம் வாங்கியவன், ஐயா!

இப்போது கணக்குக்கு வாருங்கள். நம் ரத்தத்திலிருந்து கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும் நுண்புழுக்களை இந்த மாத்திரைகள் குறைக்கும். அவற்றை ஈனும் தாய்ப்புழு பெரும்பாலும் தப்பிப் பல ஆண்டுகள் வாழும். அதனால்தான் ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். 65 சதவீதம் பேர் விழுங்க வேண்டும், குறைந்தது 5 சுற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. ஓர் ஊரில் ஒவ்வொரு சுற்றிலும் யார் தவறவிடுகிறார் என்பது தற்செயலாக மாறிக்கொண்டே இருந்தால், 5 சுற்று முடிந்தபின் ஒருமுறைகூட விழுங்காதவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் ஐந்து பேர். இன்னோர் ஊரில் என்னைப் போல அதே ஆட்களே ஒவ்வொரு முறையும் தவறவிட்டால்? 350 பேர். சுற்றுக்கு விழுங்கியவர்கள் இரண்டு ஊரிலும் ஒரே 65 சதவீதம்தான். ஆனால் இரண்டாவது ஊரில் கொசுவுக்கு விருந்து நிற்கவே நிற்காது.

இதைப் புட்டுப் புட்டுக் காட்டியது நீங்கள் சந்தேகப்படும் அந்தக் கணிதம்தான். ‘எத்தனை கொடுத்தோம்’ என்று எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் ‘யார் ஒருநாளும் விழுங்கவில்லை’ என்று கேட்க வைத்தது. அந்த ‘யார்’ விழிப்புணர்வில்லாதவனாகத்தான் இருப்பான் என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. அதைச் சேர்த்தது நீங்கள். கணிதம் படிக்கிற பிள்ளை, இதையாவது கவனித்திருக்கலாம்.

மூன்றாம் ஆண்டும் அதே பெண் வந்தார். நான் பையைத் தடவுவதற்குள், “தண்ணி எடுத்துட்டு வாங்க சார், நான் நிக்கிறேன்” என்றார். நான்காவது மாத்திரையும் இறங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.