தொடை வழியாகப் பெருந்தமனி வீக்க சிகிச்சை: அப்பாவுக்கு ஏற்றதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. வயிற்றுப் பெருந்தமனி 5.7 செ.மீ. வீங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர்; வயிற்றைத் திறந்து செய்வதே மேல் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவரும் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ. தாண்டினாலே சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், வலி இல்லை என்பது தள்ளிப்போடக் காரணம் ஆகாது. ஆனால் எந்த முறை என்பதை வீக்கத்தின் அளவு சொல்லாது, அதன் 'கழுத்து'தான் சொல்லும்.

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வீக்கம் தொடங்கும் வரையுள்ள நல்ல பகுதியே கழுத்து. துணியும் உலோகச் சட்டமும் சேர்ந்த கிராஃப்டின் மேல்முனை அங்கேதான் பிடித்து நிற்க வேண்டும். பொதுவாக 10 முதல் 15 மி.மீ. நீளமாவது தேவை, வளைவு 60 பாகைக்குள் இருந்தால் நல்லது. கழுத்து கூம்பாக விரிந்திருந்தாலோ, உட்சுவரில் ரத்த உறைவும் சுண்ணாம்புப் படிவும் மண்டியிருந்தாலோ பிடிமானம் கிடைக்காது. குழாய் ஏறுவதற்கு இடுப்புத் தமனிகளும் போதிய அகலம் இருக்க வேண்டும். கழுத்து குட்டையானால், சிறுநீரகத் தமனிகளுக்கு வழிவிடத் துளைகள் வைத்த கிராஃப்ட் அல்லது திறந்த அறுவை சிகிச்சை. பொருந்தாத கழுத்தில் வலிந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பொருந்தினால் லாபம் பெரிது: சில நாட்களில் வீடு திரும்பலாம், முதல் மாத உயிர் ஆபத்தும் குறைவு. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த லாபம் கரைகிறது. மறுசிகிச்சை தேவைப்படுவது இந்த முறையில்தான் அதிகம். காரணம், வீங்கிய பைக்குள் மீண்டும் ரத்தம் கசிவது. முனையிலோ, கிராஃப்டின் பாகங்கள் இணையும் இடத்திலோ கசிந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். முதுகுப்புறச் சிறு தமனிகளிலிருந்து பின்னோக்கி வரும் கசிவே அதிகம் காணப்படுவது. பை பெரிதாகாதவரை அதைக் கண்காணித்தாலே போதும்.

எனவே முதல் மாதத்தில் ஒரு சி.டி., பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன், ஆயுள் முழுக்க. இதற்கு அப்பா ஒத்துழைக்கமாட்டார் என்றால், உடல் தாங்கும் பட்சத்தில் திறந்த அறுவை சிகிச்சையே மேல். சி.டி.க்கும் சிகிச்சைக்கும் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை முன்பே பாருங்கள். புகைபிடித்தால் இன்றே நிறுத்தட்டும்.

இதற்கிடையில் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம் வந்தால் வாயுத் தொல்லை என்று காத்திருக்காமல், ரத்தநாள அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள்.