ஒரு முழம் தாமிரபரணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருநெல்வேலிக்காரன், இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக் கொலுவில் பூங்காவும் குளமும் அமைப்பது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. கேழ்வரகை முளைக்கவிட்டு, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்து அதைக் குளம் என்போம். இந்த வருடம் எங்கள் ஊரில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படித்துறையை ஒன்றுக்கு ஐம்பது அளவில், ஒரு முழப் பலகையில் செய்திருக்கிறேன். படிகளும் கல்மண்டபமும் மருதமரமும் அப்பாவுக்கே பிடித்துவிட்டன. அவர் முப்பது வருடம் அந்தத் துறையில் குளித்தவர். இப்போது முழங்கால் வலியால் படி இறங்க முடிவதில்லை.

தண்ணீரில்தான் தோற்றுவிட்டேன். ஆற்றுத் தரைக்கு நீலம் பூசினேன். ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் எபாக்ஸி ரெசினில் பச்சை கலந்து மூன்று செ.மீ. உயரத்துக்கு ஒரேயடியாக ஊற்றினேன். சூடேறி விரிசல் விட்டது, ஓரத்தில் ஒழுகி மேஜையோடு ஒட்டிக்கொண்டது, உள்ளே முழுக்கக் குமிழி. அப்பா பார்த்துவிட்டு, "கடல்பாசி காய்ச்சி ஊத்தின மாதிரில்லா இருக்கு" என்றார். மறுபடி முதலிலிருந்து செய்யப் போகிறேன். பேசாமல் நிஜத் தண்ணீரையே விட்டுவிடலாமா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

அப்பா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஜப்பானில் திரைப்படங்களுக்குச் சிற்றுருவக் காட்சிகள் அமைத்த எய்ஜி சுபுராயாவின் குழுவினர், உயரத்திலிருந்து பார்க்கும் கடலைக் கடல்பாசி காய்ச்சி உறையவைத்துத்தான் உருவாக்கினார்கள். திரையில் அது கடலாகவே தெரிந்தது. ஆகவே அப்படியொரு பொருளை ஊற்றியதில் தவறில்லை. நீங்கள் நிறத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தீர்கள், அங்கேதான் பிசகியது. ஆற்றின் நிறம் அதன் தரையில் இருக்கிறது, கரையில் இருக்கிறது, அது அடித்துவரும் மண்ணில் இருக்கிறது. ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே உங்கள் ஆறு முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும்.

நிஜத் தண்ணீர் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

படியை ஐம்பதில் ஒரு பங்காகச் செதுக்கலாம், மரத்தையும் அப்படியே. தண்ணீரைச் சுருக்க வழியில்லை. அதன் மேற்பரப்பு இழுவிசை ஆற்றில் எவ்வளவோ தட்டிலும் அவ்வளவுதான். தட்டில் விட்ட தண்ணீர் ஓரத்தைப் பற்றிக்கொண்டு இரண்டு மில்லிமீட்டர் ஏறி நிற்கும். உங்கள் அளவில் அது 10 செ.மீ. படித்துறைக் கல்லில் தண்ணீர் ஒரு கையகலம் தொற்றி ஏறி நிற்பதை எந்த ஆற்றிலும் யாரும் பார்த்ததில்லை. நான்கு மில்லிமீட்டர் துளி ஒன்று படியில் தெறித்துக் கிடந்தால், அது 20 செ.மீ. உருண்டை, உரிக்காத தேங்காயளவு. அலையும் அப்படித்தான். தண்ணீரில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 1.7 செ.மீ.க்குக் கீழே போனால், அந்த அலையை நடத்துவது புவியீர்ப்பைவிட மேற்பரப்பு இழுவிசைதான். தட்டை லேசாகத் தட்டினால் எழும் நெளிவுகள் இந்த வகை. ஐம்பதால் பெருக்கிப் பாருங்கள், 85 செ.மீ. ஆற்றில் அந்த நீள அலையைப் புவியீர்ப்பு நடத்துகிறது. இரண்டின் நடையும் வேறு. காரணம் தெரியாவிட்டாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

போதாததற்குக் காலமும் இடிக்கிறது. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் நீளமான தொட்டி கட்டி, அதில் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்தவர் வில்லியம் ஃப்ரூட். அவர் பெயரால் வழங்கும் விதிப்படி, உருவம் ஐம்பதில் ஒரு பங்கானால் அலைகளின் காலம் ஐம்பதின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய ஏழால், சுருங்கும். ஆற்றில் ஏழு நொடி எடுக்கும் அசைவு தட்டில் ஒரே நொடியில் முடிந்துவிடும். சினிமாவில் அதிவேகமாகப் படம்பிடித்து, மெதுவாக ஓட்டி இதைச் சமாளிப்பார்கள். அதற்கும் மேலாகக் கப்பல் மாதிரிகளை முடிந்தவரை பெரிதாகக் கட்டுவார்கள். கொலு பார்க்க வருகிறவர்கள் நேரடியாகப் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு அந்த வித்தை உதவாது. எனவே, ஆற்றின் ஒரு கணத்தை எடுத்து நிறுத்திவிடுங்கள். அசையாத தண்ணீரில் அளவை முடிவுசெய்வது நீங்கள்.

அந்த அளவிலும் கவனம் வேண்டும். காற்று லேசாக வீசும் நாளில் ஆற்றின் நெளிவு இரண்டு மூன்று செ.மீ. உயரம் இருந்தால் அதிகம். உங்கள் மாதிரியில் அது அரை மில்லிமீட்டர். நான் பார்க்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெட்டுப்போகின்றன. செய்கிறவருக்கு அலை செய்ய ஆசை, சாந்து பூசுவதுபோல மேடும் பள்ளமுமாக இழுத்துவிடுகிறார். அமைதியான படித்துறையில் புயற்கடல் வந்து நிற்கிறது.

அடுத்தது பார்க்கிறவர் கண். உங்கள் கொலுவில் இந்தப் பலகை எங்கே இருக்கப் போகிறது? தரையிலா, படியிலா? தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது நூற்றுக்கு இரண்டு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய்த் தரையைக் காட்டும். பார்வை சாயச் சாய இது மாறுகிறது. செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ந்து பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி திரும்பிவிடும், ஆறு கண்ணாடியாகிவிடும். உங்கள் சின்ன வயதுக் கண்ணாடிக் குளம் அதனால்தான் பெரியவர்களுக்குக் கண்ணாடியாகவும், தரையில் குப்புறப் படுத்துப் பார்த்த பிள்ளைகளுக்குக் குளமாகவும் இருந்தது. அந்தக் குளத்தை வைத்தவர்கள் பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். தரையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆற்றுத் தரைக்கு உழையுங்கள். கண் மட்டத்துக்குப் பக்கத்தில் வரும் படியில் வைத்தால் மேற்பரப்புக்கு உழையுங்கள். அங்கே மண்டபத்தின் பின்னால் என்ன வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் தண்ணீரில் தெரியப் போவது அதுதான்.

இனி தரை. கோடையின் குறுக்குத்துறை வேண்டுமா, ஐப்பசி கார்த்திகையின் குறுக்குத்துறை வேண்டுமா என்று அப்பாவிடம் கேளுங்கள். இரண்டும் ஒரே ஆறு இல்லை. வெள்ளம் வந்து அங்குள்ள முருகன் கோயிலே முழுகும் நாட்களில் ஓடுவது செம்மண் குழம்பு. அதற்கு ஆழம் தேவையே இல்லை. சமதளத்தில் மண்ணின் பழுப்பைப் பூசி, நீரோட்டம் போகும் திசையில் வெளிறிய கோடுகளை இழுத்து, மேலே பளபளப்பு வார்னிஷ் இரண்டு மூன்று கை அடித்தால் போதும், ஒரு சொட்டு ரெசின் வேண்டாம். கலங்கிய ஆற்றுக்கு ரெசின் வாங்கிக் காசைக் கரைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தெளிந்த ஆறு என்றால் நீலத்தை மறந்துவிடுங்கள். ஆற்றில் தெரியும் நீலம் வானத்துடையது. அதைத் தரையில் பூசினால் நீச்சல் குளமாகிவிடும். கரையோரம் மணலின் நிறம். உள்ளே போகப் போக அது ஆலிவ் பச்சைக்கும், பிறகு கரும்பழுப்புக்கும் மெல்ல மாற வேண்டும். எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி, ஈரத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து மாற்றுங்கள். முழுகிக் கிடக்கும் படிகளில் பாசி வேண்டும், கீழே போகப் போக அடர்த்தியாக. நடு ஆறு இப்படிக் கறுத்தால்தான் ஆழம் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 1.33. ஆழத்தை இந்த எண்ணால் வகுத்தால் மேலிருந்து தெரியும் ஆழம் கிடைக்கும். நான்கு செ.மீ. தண்ணீர் மேலிருந்து மூன்று செ.மீ. போலத் தெரியும். உறைந்த எபாக்ஸிக்கு அந்த எண் 1.5க்கும் சற்று மேலே. உங்கள் மூன்று செ.மீ. ரெசின் இரண்டாகத்தான் தெரிந்திருக்கும். ரெசினை உயர்த்தி ஆழம் காட்டுவது நஷ்டக் கணக்கு. ஒரு செ.மீ. போதும், மீதி ஆழத்தைத் தூரிகை தரும்.

ரெசினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். என் முதல் குளத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தேன். மேலே தொட்டால் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். இரண்டே நாளில் ரெசின் பால்போல் வெளுத்துவிட்டது. ஒரு மாத வேலை அப்படியே போயிற்று. பெயின்ட் காய்ந்த பிறகு, மெல்லிய ரெசின் பூச்சு ஒன்றைத் தூரிகையால் தரை முழுக்கத் தடவி உறையவிடுங்கள். மரமும் பிளாஸ்டரும் உள்ளே வைத்திருக்கும் காற்று அதோடு அடைபட்டுவிடும். உங்கள் குமிழிகளில் பாதி அங்கிருந்து வந்தவை. பலகையின் விளிம்புக்கு எக்ஸ்-ரே ஷீட் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றி, உள்பக்கம் பார்சல் டேப் ஒட்டி, சந்துகளை எம்-சீலால் அடையுங்கள். அந்த டேப்பில் ரெசின் ஒட்டாது, பிறகு உரித்தெடுக்கலாம். ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமமாக்குங்கள்.

ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் சேருங்கள். அந்த விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று பார்த்துவிட்டு அளந்து எடுங்கள். கண்திட்டம் கூடாது. விகிதம் பிசகினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. மெதுவாகக் கிளறுங்கள், பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கிளறுங்கள், பிறகு வேறு கோப்பைக்கு மாற்றி இன்னொரு முறை. இரண்டும் சேரும்போது சூடு பிறக்கும். மொத்தமாக ஊற்றினால் சூடு வெளியேற இடமின்றி உள்ளேயே ஏறும். உங்களுக்கு விரிசல் விட்டது அதனால்தான். சாதாரண ரெசினை மூன்று நான்கு மில்லிமீட்டராக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது என்று ஊற்றுங்கள். மேலே வரும் குமிழிகள் லேசான சூடு பட்டால் உடையும், லைட்டரை நிற்காமல் ஓட்டினால் போதும். பிறகு தூசி விழாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். மழை நாளில் ஊற்றாதீர்கள், ஈரக்காற்றில் மேற்பரப்பு மங்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வாடை குறைவு என்பதால் தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம். பலமுறை தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு ஆயுளுக்கும் ரெசினைத் தொட முடியாது. கலந்த கோப்பையும் குச்சியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வெயில் படும் இடத்தில் மாதிரியை வைக்காதீர்கள், மஞ்சளித்துவிடும்.

ரெசின் இறுகியதும் அது ஆறாக இருக்காது, கண்ணாடிப் பலகையாக இருக்கும். இங்கே ஓவியர்கள் பயன்படுத்தும் கெட்டியான அக்ரிலிக் ஜெல், பளபளப்பு வகை, கைகொடுக்கும். தூரிகையால் மெல்லியதாகத் தொட்டுத் தொட்டு வைத்தால் வெள்ளையாக இருக்கும், ஒரு நாளில் தெளிந்துவிடும். பெவிகாலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஈரக்காற்று பட்டால் மறுபடி வெளுக்கும். ஆற்றில் நிற்கும் மண்டபத் தூண்களுக்கு நேரம் கொடுங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் தூணில் மோதும் பக்கம் ஏறக்குறைய ஐந்து செ.மீ. உயரும். உங்களுக்கு அது ஒரு மில்லிமீட்டர் ஜெல். தூணுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம், அங்கிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து போகும் நெளிவு, அதன் ஓரத்தில் மட்டும் தொட்டும் தொடாததுமாக வெள்ளை. தூண்களுக்கு இதைச் செய்துவிட்டால் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஈரம். நான் பார்த்த மாதிரிகளில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ரெசின் ஓரங்களில் சற்றே ஏறி, கல்லின் மீது பளபளவென்று ஒரு கோடு விடும். அதற்கு மேலே கல் வெளிறிக் காய்ந்து கிடந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஈரமான கல் கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், மேலிருக்கும் நீர்ப்படலத்துக்குள் புகுந்த ஒளி சுலபமாக வெளியே வர முடியாமல் உள்ளேயே மோதி மோதிக் கல்லால் விழுங்கப்படுவது. எனவே தண்ணீரை ஒட்டிய படியைக் கல்லின் நிறத்திலேயே இரண்டு பங்கு கருமையாக்குங்கள், பளபளப்பு வார்னிஷும் பூசுங்கள். அடுத்த படியில் கருமை மட்டும், அரைப் பளபளப்பு. அதற்கடுத்ததில் ஓரம் மட்டும் நனைந்திருக்கட்டும்.

பிறகு ஒரு மெல்லிய தூரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதக் காலடி 25 செ.மீ. என்றால் உங்களுக்கு ஐந்து மில்லிமீட்டர். குளித்துவிட்டு ஒருவர் இப்போதுதான் மண்டபத்தைப் பார்த்து ஏறிப் போயிருக்கிறார். முதல் படியில் காலடி முழுசாக, சுற்றிலும் சொட்டிய தண்ணீரோடு. இரண்டாவதில் குதிகாலும் முன்பாதமும். மூன்றாவதில் விரல் நுனிகள். நான்காவது படியில் ஒன்றும் வரையாதீர்கள், அங்கே வெயில்.