வீட்டுலயே கில்ட் தைக்கலாமா? அளவு, துணி, பாக்கெட் பத்தி சில கேள்விகள்

கேள்வி: கிளாஸ்கோல இருக்கேன். ஜீன்ஸ் சைஸ் 34னு ஆன்லைன்ல ஒரு கில்ட் (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டுற, பின்னாடி மடிப்பு வச்ச பாவாடை) வாங்கினேன், பக்கிளே மாட்ட முடியல. வீட்டுல மெஷின் இருக்கு, நானே தைக்கலாம்னு பாக்குறேன். அளவு எப்படி எடுக்கணும்?

பதில்: ஜீன்ஸ் சைஸை மறந்துடுங்க. ஜீன்ஸ் நிக்கிறது இடுப்பெலும்புகிட்ட, ஸ்காட்லாந்து கில்ட் ஏறி நிக்கிறது தொப்புள் உயரத்துல, அங்க சுத்தளவு பல பேருக்கு ரெண்டு மூணு இஞ்ச் கூடவே இருக்கும். மூணு அளவு போதும். தொப்புள் சுத்தி இடுப்பு, பின்பக்கம் நல்லா துருத்துற இடத்துல சீட், அப்புறம் தொப்புள்ல இருந்து முட்டிச்சில்லு நடு வரைக்கும் உயரம். குனிஞ்சு நாமளே எடுத்தா உயரம் தப்பாத்தான் வரும், வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. இடுப்புக்கு டேப்பை ஒட்டிப் பிடிக்கணும், சீட்டுக்கு கொஞ்சம் லூசா விடணும். தைக்கிறதுக்கு முன்னாடி முட்டி போட்டு செக் பண்ணுங்க, துணி தரையில படாம ஒரு இஞ்ச் மேல நின்னா உயரம் சரி. ஜீன்ஸ் மாதிரி இறக்கி கட்டுறதுதான் உங்களுக்கு வசதின்னா தாராளமா பண்ணலாம், ஆனா அந்த இடத்துலயே இடுப்பு அளவை எடுத்து உயரத்தையும் அங்கிருந்தே அளக்கணும்.

கேள்வி: எட்டு கெஜம் துணி வேணும்ங்கறாங்களே, அவ்வளவு தேவையா? என்ன துணி வாங்குறது?

பதில்: முதல் கில்ட்டுக்கு எட்டு கெஜம் வேணாம். அந்தக் கணக்கு முழு கம்பளி டார்டன்ல, அதாவது ஸ்காட்லாந்து கட்டம் போட்ட துணியில, நெருக்கமா ப்ளீட் (மடிப்பு) வைக்கிறதுக்கு, அளவெடுத்து தைக்கக் கொடுத்தா 400 பவுண்டுக்கு மேல போற ரகம். நீங்களே ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சீட் 40, இடுப்பு 36னு வைங்க. முன்னாடி தட்டையா வர்ற ஏப்ரன் 20 இஞ்ச், அதுக்கு அடியில இன்னொரு ஏப்ரன் 20, பின்னாடி ப்ளீட் வர்ற இடம் 20. ப்ளீட் ஒவ்வொண்ணும் வெளிய 1 இஞ்ச் தெரிஞ்சு உள்ள 2 இஞ்ச் ஆழம் போனா ஒரு ப்ளீட்டுக்கு 5 இஞ்ச் துணி, 20 ப்ளீட்டுக்கு 100. ஏப்ரன் ரெண்டும் 40, ஓர மடிப்புக்கு ஒரு 15 விட்டா மொத்தம் 155 இஞ்ச், அதாவது நாலு கெஜத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

இதுலயும் மிச்சம் பண்ணலாம். 58 இஞ்ச் அகலத் துணியை நீளவாக்குல ரெண்டா வெட்டி ஒண்ணோட ஒண்ணு ஜாயின் பண்ணினா ரெண்டே கால் மீட்டர்ல முடிஞ்சிடும், ஜாயின்ட்டை ஒரு ப்ளீட்டுக்குள்ள ஒளிச்சிடலாம். ரெண்டு துண்டுக்கும் ஒரு பக்கம் கரை இருக்கும்ல, அந்தக் கரையை கீழ வர்ற மாதிரி வைங்க, அடி மடிச்சு தைக்கவே வேணாம், ப்ளீட்டும் அழகா விழும். ஒரு துண்டு தலைகீழா திரும்பும், பிளைன் துணியில அது தெரியாது, ஆனா கட்டம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத டார்டன்ல பளிச்னு தெரிஞ்சிடும்.

துணி கெட்டியான காட்டன் டிரில் இல்ல ஜீன்ஸ் துணி எடுங்க, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைச்சு சுருங்க விட்டுடுங்க. கெஜத்துக்கு 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் எடை வர்ற கம்பளி அருமையா விழும், மறுக்கல, ஆனா அந்த விலைத் துணியில கை பழகாதீங்க.

கேள்வி: ப்ளீட் எல்லாம் சரியா வச்சேன், ஆனா இடுப்புல தொளதொளன்னு நிக்குதே?

பதில்: சீட்ல இருந்து இடுப்புக்கு குறுக்கல, அதான். மேல சொன்ன அளவுல பின்பக்கம் சீட்டுக்கு 20 இஞ்ச், இடுப்புக்கு 18. அந்த 2 இஞ்சை 20 ப்ளீட்டுக்கும் பங்கு போடணும், ஒவ்வொண்ணும் கீழ 1 இஞ்ச், மேல 0.9 இஞ்ச், வித்தியாசம் ஒரு நூல் கூட வராது. கடைசி ரெண்டு ப்ளீட்ல மட்டும் பிடிச்சா கோணிக்கும். ஏப்ரனையும் ஓரத்துல சாய்ச்சு அதே மாதிரி 18க்கு கொண்டு வாங்க. ப்ளீட்டை இடுப்புல இருந்து சீட் வரைக்கும்தான் தைக்கணும், அதுக்கு கீழ அயன் மட்டும். உள்பக்கம் இடுப்புல கேன்வாஸ் வச்சுடுங்க, இல்லன்னா பக்கிள் இழுக்குற இழுப்புல துணி மடங்கிடும்.

கேள்வி: பாக்கெட் வைக்கலாமா? பக்கிளுக்கு பதிலா வெல்க்ரோ ஓகேவா?

பதில்: பழைய முறையில பாக்கெட் கிடையாது, முன்னாடி தொங்குற ஸ்போரன் பைதான். ஆனா சியாட்டில்ல 2000-ல ஆரம்பிச்ச யூட்டிலிகில்ட்ஸ் கம்பெனியெல்லாம் கார்கோ பாக்கெட் வச்சே வித்திருக்காங்க, தினசரி போடுறதுக்கு அது நல்ல வசதி. ஏப்ரனும் ப்ளீட்டும் சேர்ற பக்கவாட்டுல, மேல் விளிம்பை மட்டும் இடுப்புப் பட்டியோட சேர்த்து தைச்சு கீழ ஃப்ரீயா தொங்க விடுங்க. நாலு ப்ளீட் மேல அடிச்சு தைச்சா அந்த நாலும் விரியாது, நடக்குறப்போ இறுக்கும். வெல்க்ரோ கொஞ்ச நாள்ல பஞ்சு பிடிச்சு விட்டுடும், எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல. தோல் பட்டையும் பக்கிளும் போடுங்க, வெயிட் கூடினாலும் ரெண்டு மூணு ஓட்டை தள்ளி மாட்டிக்கலாம். வலதுல ரெண்டு, இடதுல ஒண்ணு. உள் ஏப்ரன் பட்டை இடது பக்கம் ஒரு காஜா வழியா வெளிய வரும், அந்தக் காஜாவை மறக்காம வச்சுடுங்க.

கேள்வி: காத்துல பறக்காம இருக்க பின் குத்தணுமா?

பதில்: மேல் ஏப்ரன்ல மட்டும் குத்துங்க, வலது பக்கம் கீழ் ஓரத்துல. அதோட கனமே போதும். ரெண்டு ஏப்ரனையும் சேர்த்து குத்தினா உக்காரும்போது துணி கிழிஞ்சிடும்.