இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அதிகாரி மோசமாக நடந்துகொண்டால், பொதுமக்களின் புகார்களைச் சுயேச்சையாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் அவர்மேல் நடவடிக்கை எடுப்பாரா?

அந்த அதிகாரிமேல் எடுக்கமாட்டார். இது தெரியாமல்தான் நாங்களும் முதலில் கோபத்தில் மூன்று பக்கம் எழுதினோம்.

என் மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். நடக்க முடியாதவர்களுக்கு கார் நிறுத்தச் சலுகை தரும் புளூ பேட்ஜ் கேட்டு கவுன்சிலுக்கு விண்ணப்பித்தோம். நேரில் வரச் சொன்னார்கள். மதிப்பீடு செய்த அதிகாரி எங்கள் முகத்தையே பார்க்கவில்லை. “வருகிற எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது. என் புகாரில் பாதிக்கு மேல் அவர் பேசிய தொனியைப் பற்றித்தான். கவுன்சிலும் “மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொண்டது.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறார். கவுன்சில் தன் வேலையைச் செய்த விதத்தில் தவறு இருந்ததா, அதனால் உங்களுக்குப் பாதிப்பு வந்ததா, இந்த இரண்டையும்தான் பார்ப்பார். ஊழியர்களின் நியமனம், சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் வரம்புக்கு வெளியே. தீர்ப்பில்கூட அதிகாரியின் பெயர் வராது.

எனவே மாமியாரைப் பற்றி கவுன்சில் வைத்திருக்கும் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கினோம். அதில் ஒரு வரி: “கார் நிறுத்துமிடத்திலிருந்து 80 மீட்டர் நிற்காமல் நடந்து வந்தார்.” நாங்கள் அன்று காரே கொண்டுபோகவில்லை! மினிகேப்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டார், ரசீது போனில் இருந்தது. பழைய மூன்று பக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, இந்த ஒரு வரியையும் ரசீதையும் வைத்து ஒரே பக்கம் எழுதினேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: முதலில் கவுன்சிலிடமே புகார் செய்து, அவர்களுடைய கடைசிப் பதிலை வாங்கிக்கொண்டுதான் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். விஷயம் உங்களுக்குத் தெரிந்து 12 மாதத்துக்குள் போய்விடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வருகிற எல்லாப் புகாரையும் விசாரிக்கமாட்டார்கள். பாதிப்பு சிறியது என்று தோன்றினால் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வெறும் மரியாதைக் குறைவு பற்றிய புகார்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

எங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். விசாரணையாளர் கவுன்சிலிடம் பதிவுகளையும் விளக்கத்தையும் கேட்டார். பிறகு ஒரு வரைவுத் தீர்ப்பை இரு தரப்புக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார். அதிகாரி பேசிய பேச்சைப் பற்றி, ஒலிப்பதிவு இல்லை, இரு தரப்பும் வேறுவேறாகச் சொல்கிறார்கள், முடிவுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதி, அதை வைத்தே விண்ணப்பத்தை மறுத்தது கவுன்சிலின் தவறு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பேட்ஜ் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடவில்லை. தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது கவுன்சிலின் வேலை. மன்னிப்புக் கடிதம், வேறோர் அதிகாரியை வைத்து மறுமதிப்பீடு, அலைச்சலுக்கு 150 பவுண்டு, இவைதான் பரிந்துரை. பரிந்துரைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மறுத்தால் ஒம்புட்ஸ்மன் பகிரங்க அறிக்கை வெளியிடலாம், அந்தச் சங்கடத்துக்காகவே கவுன்சில்கள் பொதுவாக ஒத்துக்கொள்கின்றன. எங்கள் கவுன்சிலும் ஒத்துக்கொண்டது.

உங்கள் புகார் அதிகாரிமேல் இல்லாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்மேல் என்றால் வழி வேறு. அது அந்தக் கவுன்சிலின் கண்காணிப்பு அதிகாரியிடம் போக வேண்டும். லஞ்சம் மாதிரி என்றால் போலீஸ்தான்.

பேட்ஜ் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. இரண்டாவதாக வந்த அம்மையார் மாமியாருடன் தானும் தாழ்வாரத்தில் நடந்து பார்த்தார். பாதி தூரத்திலேயே “போதும், உட்காருங்கள்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.