சக்கரத்து வீடு: வாசகர் கேள்விகள்

2014 மாடல் ட்ராவல் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி), 25 அடி, பழையதாக வாங்கியிருக்கிறோம். குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் அதிலேயே தங்க எண்ணம். தரைக்கு டைல்ஸ், சமையல் மேடைக்கு கிரானைட் போட்டுப் புதுப்பிக்கலாம் என்கிறான் மகன். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகர், டாலஸ்)

கிரானைட் வேண்டாம் சார். டைல்ஸும் வேண்டாம். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் ட்ரெய்லரின் கூடு முறுக்கிக்கொண்டேதான் ஓடும். டைல்ஸுக்கு நடுவே பூசியது விரிசல் விடும். வினைல் பலகை போதும், துடைக்கவும் சுலபம்.

கிரானைட்டை வேண்டாம் என்பது எடைக்காக. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பவுண்டு சாமான் ஏற்றலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள். உங்கள் அளவு வண்டிகள் பலவற்றில் அது 1,000, 1,500 பவுண்டைத் தாண்டாது. தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும். 40 கேலன் நிரப்பினாலே சுமார் 330 பவுண்டு போய்விட்டது. மிச்சத்தில்தான் துணி, பாத்திரம், அரிசி மூட்டை, கருவிப்பெட்டி, நீங்கள் புதிதாகச் சேர்க்கப்போகும் எல்லாமும். லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முழுச் சாமானோடு ஒருமுறை ஏற்றி எடை பாருங்கள். இழுக்கும் வண்டியின் கொக்கியின்மேல் விழும் எடை ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் பின்பக்கம் வாலாட்ட ஆரம்பிக்கும். பார்க்கவே வயிற்றைக் கலக்கும்.

அடுத்து கூரை. இந்த வண்டிகளைக் கொல்வது மழைநீர். எங்கள் வண்டியில் ஓட்டுவது வீட்டுக்காரர், ஸ்க்ரூடிரைவர் என் கையில். அதனால் ஏணி ஏறுவதும் நான்தான். கூரை ஓரங்கள், காற்றுப்போக்கியைச் சுற்றியுள்ள இடம் எல்லாம் பாருங்கள். பூச்சு வெடித்திருந்தால் சுரண்டி, கூரைக்கென்றே விற்கும் பூச்சைப் போடுங்கள். உள்ளே அலமாரிகளின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் ஊறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்து அழகு பார்ப்பதில் அர்த்தமில்லை.

டயரில் நான்கு இலக்கத் தேதி உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும், ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்றே சாவதுதான் அதிகம்.

இதெல்லாம் முடிந்தபிறகு மிச்சப் பணத்தை மின்சாரத்தில் போடுங்கள். அரிசோனாவில் குவார்ட்சைட் ஊர்ப் பக்கம் அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்க அனுமதி தருகிறார்கள். ஆனால் கரண்ட் இணைப்பு கிடையாது. பழைய ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் 1,280 வாட்-மணி வைத்திருக்கும், கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. நம் கவலைக்கு அது ரொம்ப முக்கியம்.

ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ள முடியாது. வண்டியோடு வந்த பழைய சார்ஜர் லித்தியத்தை முழுதாக நிரப்பாது. அதையும் மாற்றவேண்டும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவே கூடாது. குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பாலைவனம்தானே என்று நினைக்காதீர்கள், ஜனவரி இரவில் அங்கே பல் கிட்டும். அப்போது பேட்டரியைத் தின்பது விளக்கு இல்லை, கேஸ் ஹீட்டரின் ஊதுவிசிறி. ஓடும்போதெல்லாம் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். குளிர்காலச் சூரியனோ தாழ்வாகப் போகும். கூரையில் படுத்திருக்கும் சோலார் பலகையைச் சாய்த்துவைக்க வசதி செய்தால் வரவு நன்றாகவே கூடும். அப்புறம், ஏசியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஓடினால் ஒரு பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

சோஃபா, திரைச்சீலை? உங்கள் வீட்டம்மா இஷ்டம். மெத்தை வாங்குமுன் மட்டும் கட்டிலை அளந்துகொள்ளுங்கள். பல ட்ரெய்லர்களில் குயின் கட்டில் என்பது 80 அங்குலம் இல்லை, 74 அல்லது 75தான்.

ட்ரெய்லரில் நம் சமையல் சரிப்படுமா? தாளித்தாலே அலாரம் கத்துகிறது. மிக்ஸி, கிரைண்டர் எடுத்துப்போகலாமா? (வாசகி, நியூ ஜெர்சி)

தாராளமாக. ஆனால் தாளிப்பதை வெளியே வையுங்கள். பல ட்ரெய்லர்களில் அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியேற்றுவதே இல்லை, வடிகட்டிவிட்டு உங்கள் முகத்திலேயே ஊதும். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில் மேசை இருக்கும், கையடக்க அடுப்பு ஒன்று போதும். உள்ளேதான் சமைக்கவேண்டும் என்றால் கூரையில் உள்ள 14 அங்குலச் சதுரத் துளையில் வெளியே இழுக்கும் நல்ல விசிறி போடுங்கள். பெரும்பாலும் புதிதாக வெட்டவே தேவையில்லை. மழைமூடி சேர்ந்து வருவதாக வாங்குங்கள். அலாரம் பேட்டரியைக் கழற்றிவைப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அது வேண்டாம், தூங்கும் இடமும் கேஸ் அடுப்பும் ஒரே அறை.

ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை விட்டுவிடுங்கள். இங்கே கிடைக்கும் 110-120 வோல்ட் கிரைண்டர் நன்றாக ஓடும். முகாமின் கரண்ட் இணைப்பு 30 ஆம்பியர் (120 வோல்ட்) என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி சுமார் 1,500, இன்டக்‌ஷன் அடுப்பு 1,800. அத்தோடு மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழும். நான் ஏசியை அணைத்துவிட்டு மாவரைப்பேன்.

கஞ்சித்தண்ணீர், குழம்பு எண்ணெய் இரண்டும் கழிவுநீர்த் தொட்டிக்குள் போகக்கூடாது. நாற்றம் ஒரு வாரத்தில் தெரியும். சட்டியைக் காகிதத்தில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

கழிவறையில் ஹெல்த் ஃபாசெட் வைக்கலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், சிகாகோ)

கூச்சம் எதற்கு, எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். வைக்கலாம். கழிவறைக்கு வரும் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டால் முடிந்தது. கழிவறைத் தொட்டி சீக்கிரம் நிறையும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் தாராளமாகப் போவது நல்லதுதான், இல்லாவிட்டால் அடியில் கெட்டிப்பட்டுக் குவியும். ஒன்றை மட்டும் பழக்கிக்கொள்ளுங்கள்: பயன்படுத்தியதும் டி இணைப்பில் உள்ள வால்வை மூடவேண்டும். எப்போதும் அழுத்தத்தில் நின்றால் அந்தச் சின்னக் குழாய் ஒருநாள் வெடிக்கும். முகாம்களில் தண்ணீர் அழுத்தம் சில இடங்களில் மிக அதிகம். வெளிக்குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.