வாசகர் கேள்வி பதில்: அறுந்த முனையும் இயல்பான முனையும்

கேள்வி: எங்கள் பகுதியில் பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால், ஈஸ்ட் பெருகிப் பதநீர் கள்ளாகிவிடும். அந்த ஈஸ்டில், அறுந்த டிஎன்ஏவை ஒட்டும் புரதங்களே குரோமோசோம்களின் முனைகளையும் காப்பதாகப் படித்தேன். முனைகளைக் கண்டால் ஒட்டுவதுதானே அவற்றின் வேலை? – கல்லூரி மாணவி, சாயல்குடி

பதில்: இத்துறையின் மையக் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். அறுந்த குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் இயல்பான முனைகள் அவ்வாறு ஒட்டாததையும் பார்பரா மெக்ளின்டாக் 1930களிலேயே மக்காச்சோளத்தில் கவனித்தார். கள்ளில் வளரும் சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற ஈஸ்டில் 16 குரோமோசோம்கள், ஆக 32 முனைகள் உள்ளன. ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 300 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளத்துக்கு டெலோமியர் என்ற முனைப்பகுதி அமைந்திருக்கிறது. அதன் ஓர் இழையில் டி, ஜி என்ற இரண்டு காரங்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும்.

டிஎன்ஏ அறுந்தால் கேயு என்ற வளைய வடிவப் புரத இணை முதலில் வந்து முனையைக் கவ்வும். எம்ஆர்இ11, ராட்50, எக்ஸ்ஆர்எஸ்2 ஆகிய மூன்றும் சேர்ந்த எம்ஆர்எக்ஸ் கூட்டுப் புரதம் இரு முனைகளையும் அருகருகே பிடித்துக்கொள்ள, ஒட்டும் நொதி வந்து இணைக்கும். டெலோமியரிலும் இதே கேயுவும் எம்ஆர்எக்ஸும் வந்து அமர்கின்றன. ஆனால் அங்கே ராப்1 என்ற புரதம் இழை நெடுகிலும் நெருக்கமாகப் படிந்திருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு ரிஃப்2 முதலான புரதங்களும் நிற்கின்றன. ஒட்டும் வேலையைத் தடுப்பவை இவையே. ஆகவே பழுதுநீக்கும் புரதம் முனையை அணுகுவதில் ஆபத்தில்லை. அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

டெலோமியரில் கேயு இரண்டு வேலைகளைச் செய்கிறது. முனையை நீட்டும் டெலோமிரேஸ் நொதியிலுள்ள ஆர்என்ஏவின் ஒரு மடிப்பைப் பற்றி அந்நொதியைத் துணையாக வைத்துக்கொள்வது ஒன்று. எக்ஸோ1 என்ற நொதி ஓர் இழையை அரித்துத் தின்றுவிடாமல் காப்பது மற்றொன்று. கேயுவை நீக்கிய ஈஸ்டின் டெலோமியர்கள் வெகுவாகக் குறுகிவிடுகின்றன. 30 டிகிரி செல்சியஸில் வளரும் அந்தச் செல்கள் 37 டிகிரியில் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. அவற்றிலிருந்து எக்ஸோ1ஐயும் சேர்த்து நீக்கினால், 37 டிகிரியிலும் வளர்கின்றன. கேயு காவலுக்கு நிற்பது இந்த அரிப்பை எதிர்த்துத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

எம்ஆர்எக்ஸின் பணி இன்னும் நுட்பமானது. அது டெல்1 என்ற புரதத்தை அழைத்து வர, டெல்1 வழியாக டெலோமிரேஸ் வேலையைத் தொடங்குகிறது. நீண்ட டெலோமியரில் ரிஃப்2 மிகுதியாக இருப்பதால் டெல்1 அங்கே எளிதில் சேர முடிவதில்லை. குறுகிய டெலோமியரில் தடை குறைவு, ஆகவே நீட்டிப்பு பெரும்பாலும் தேவையுள்ள முனைக்கே கிடைக்கிறது.

கேள்வி: டெலோமிரேஸே இல்லாவிட்டால் ஈஸ்ட் அழிந்துவிடுமா? – ஆசிரியர், மண்டபம்

பதில்: பெரும்பாலானவை அழியும், ஆனால் உடனே அல்ல. செல் பிரியும்தோறும் முனையில் சில கார இணைகள் குறைந்துகொண்டே வர, பல பத்துத் தலைமுறைகள் கழித்தே வளர்ச்சி தளர்கிறது. விக்டோரியா லண்ட்பிளாடும் ஜாக் சோஸ்டாக்கும் 1989இல் இத்தகைய ஈஸ்டை விவரித்தார்கள். சில செல்கள் மட்டும் தப்பிப் பிழைப்பதையும், அதற்கு ராட்52 என்ற பழுதுநீக்கும் புரதம் இன்றியமையாதது என்பதையும் 1993இல் லண்ட்பிளாடும் எலிசபெத் பிளாக்பர்னும் காட்டினார்கள். குறுகிய முனை, ராட்52இன் உதவியால் வேறொரு முனையின் வரிசையைப் பார்த்துப் படியெடுத்துத் தன்னை நீட்டிக்கொள்கிறது. மனிதர்களிலும் 100 புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 15 வரை டெலோமிரேஸின்றி இதையொத்த வழியிலேயே முனைகளைப் பேணுகின்றன. டெலோமிரேஸை மட்டும் முடக்கும் மருந்து அவற்றிடம் பலிக்காது என்று கருதப்படுவதற்கு இதுவே காரணம்.