மூளைக்குள் டோபமினை அளப்பது

வணக்கம் சார்,

பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சை பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கு அந்த ஆபரேஷன் செய்யலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘மின்சாரம் பாய்ந்ததும் டோபமின் (இந்த நோயில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருள்) சுரந்து நடுக்கம் நிற்கிறது’ என்று ஒரு வரி வருகிறதே, அதை எப்படி அளக்கிறார்கள்? ரத்தத்தில் பார்ப்பார்களா? அப்பாவுக்கும் அளப்பார்களா?

முரளி

அன்புள்ள முரளி,

அந்த வரி என் அவசரம். விலங்குச் சோதனைகளில் அப்படித் தெரிந்ததை மனிதர்களுக்கும் நீட்டிவிட்டேன். இந்தச் சிகிச்சையில் வழக்கமாகக் குறிவைக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சின்ன மூளைப் பகுதியில் மின்முனை வைத்த நோயாளிகளை, மூளையின் வேதி மாற்றத்தை வெளியிலிருந்தே படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பார்த்த ஆய்வுகளில், கருவியை ஓடவிட்டாலும் டோபமின் கூடியதாகத் தெரியவில்லை. நோயால் தாறுமாறான நரம்புத் துடிப்பை அந்த மின்சாரம் குலைக்கிறது என்பதுதான் இப்போது பொருத்தமான விளக்கம். கட்டுரையில் திருத்திவிடுகிறேன்.

ரத்தத்தில் பார்த்துப் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை டோபமின் தாண்டாது (மாத்திரையில் டோபமினையே தராமல், மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா தருவதும் இதனால்தான்). உள்ளே போய்த்தான் அளக்க வேண்டும், அதற்காக மட்டும் யார் தலையிலும் துளை போட முடியாது, ஆனால் இந்த ஆபரேஷனில் துளை எப்படியும் போட்டாகிவிட்டது, மூளைக்கு வலி தெரியாது என்பதால் பல சமயம் நோயாளி விழித்துப் பேசிக்கொண்டும் இருக்கிறார். ஆராய்ச்சியாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

உள்ளே போவது தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனமே உள்ள கார்பன் இழை. அதில் மின்னழுத்தத்தை மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வரை ஏற்றி இறக்குவார்கள். ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்டுகூட ஆகாது, செகண்டுக்கு பத்து சுற்று. 0.6 வோல்ட் பக்கம் வரும்போது, இழையருகே இருக்கும் டோபமின் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும், மின்னோட்டத்தில் சின்னதாக ஒரு மேடு எழும். அடினோசின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளுக்கு மேடு வேறு இடத்தில் வரும், அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இழையே உண்டாக்கும் பின்னணி மின்னோட்டம் இந்த மேட்டைவிடப் பல மடங்கு பெரிது, அதைக் கழித்தால்தான் எதுவும் தெரியும். கழித்த பிறகு மிஞ்சுவது மாற்றம் மட்டுமே. ஏணியில் ஒருவன் ஏறினானா இறங்கினானா என்று சொல்லும், எத்தனையாவது படியில் நிற்கிறான் என்று சொல்லாது. ‘அவருக்கு டோபமின் இவ்வளவு’ என்று யாராவது இந்தக் கருவியைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள்.

மேயோ கிளினிக் குழு 2012இல் வெளியிட்டது எனக்குப் பிடித்த ஆய்வு. பார்க்கின்சன் அல்லாத வேறொரு நடுக்க நோய்க்காரர்களுக்கு, மின்சாரம் விடுவதற்கு முன்பே, மின்முனை தலாமஸ் என்ற மூளைப் பகுதியில் இறங்கியதுமே நடுக்கம் தணிந்தது, கூடவே அடினோசின் போன்ற ஒன்று வெளியானதும் பதிவானது. குத்தியதற்கே பலன்! அப்புறம் 2016இல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 17 பார்க்கின்சன் நோயாளிகளை ஆபரேஷன் மேஜையிலேயே பங்குச்சந்தை விளையாட்டு ஆட வைத்தார்கள். கிடைத்த லாபத்தோடு, பந்தயத்தை வேறு மாதிரி வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கும் டோபமினின் ஏற்ற இறக்கத்தில் கலந்திருந்தது. ‘சே, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே’ என்பது அங்கேயும் பதிவாகிறது பாருங்கள்.

சரி, அப்பா விஷயம். வழக்கமான ஆபரேஷனில் இதெல்லாம் கிடையாது. நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்பார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள், விரலை விரித்து மூடச் சொல்வார்கள். வேதிப்பொருளை அளப்பதென்றால் அது ஆராய்ச்சி, தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: லெவோடோபா வேலை செய்யும் நேரத்தில் அப்பாவுக்கு எவ்வளவு தெளிகிறது? இந்தக் கணக்கில் நடுக்கத்தைச் சேர்க்காதீர்கள், மாத்திரைக்கு மசியாத நடுக்கமும் இந்தச் சிகிச்சையில் குறைவதுண்டு. ஆனால் மாத்திரை போட்டும் சரியாகாத நடைத் தடுமாற்றமும் பேச்சுக் குளறலும் இதனால் சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

அன்புடன்.